ஹார்ட் டிஸ்க்குக்கு மூச்சு கொடுத்த கதை

என் கயிற்றின் மறுமுனையில் இருந்த அன்பு மச்சான் லூர்துவுக்கு,

மிக்கேல் எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை நீ போய் ஒரு வருஷம், உன் ஆண்டுப் பூசை. பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் அச்சாகிறது. அதில் கடைசிப் பக்கம் எனக்கு. "நாலு வரி எழுதித் தாண்ணே, போதும்" என்றாள் ரெஜினா. அண்ணன் நாலு வரியில் நிற்கிற ஆளா என்று என் தங்கச்சிக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

உன் வீட்டில் எழுத உட்கார்ந்து நாலு தடவை எழுந்துவிட்டேன். தண்ணீர் குடிக்க ஒரு தடவை. மாடிக்குப் போய் மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை. குறையவில்லை. காற்று வருகிற பக்கத்து நிலக்கரிக் குவியலின் தூசி உன் வீட்டுக் கொடித் துணியில்தான் வந்து உட்காருகிறது. மற்ற இரண்டு தடவை எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. குசினி வரை போனேன். "என்ன வேணும்?" என்று ரெஜினா கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். காலுக்குள் ஏதோ ஓடுகிறது மச்சான். வள்ளத்தில் எஞ்சின் ஓடும்போது பலகையில் நின்றால் உள்ளங்காலில் ஒரு நடுக்கம் ஏறுமே, தரையில் நின்றாலும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

சேதி சொல்கிறேன். உன் மகள் ஜெனிட்டா மஸ்கட்டில் அதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸாக இருக்கிறாள். லீவு கிடைக்கவில்லை, பூசைக்கு வர முடியவில்லை. நான் துறைமுகத்து வாசலில் லாரிகளை வரிசைப்படுத்துகிறேன். பெரிய பொறுப்பு. நான் கை காட்டினால்தான் கப்பலே நகரும். சரி சரி, சிரிக்காதே. லாரி நகரும். அதுவும் எனக்கு முன்னால் நிற்கிற ஆள் கை காட்டினால்.

நான் இப்படி ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வதை நீ ஒருபோதும் மறித்ததில்லை. ஏன் மறிக்கவில்லை என்று உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கேட்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நம் கதை தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லூர்து சங்கு குளித்தவன். அடியில் அவன், மேலே வள்ளத்தில் நான். கம்ப்ரசரில் இருந்து ஓஸ் குழாய் வழியாக அவனுக்கு மூச்சு போகும். இடுப்பில் ஒரு கயிறு, அது மேலே என் கையில். குளிக்கிறவனுடைய கயிற்றை அவன் பெண்டாட்டி கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். தங்கச்சியை விதவையாக்க எந்த அண்ணனும் கயிற்றை விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் இருபது வருஷம் நீ இறங்கினாய்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் எட்டுப் பாகம் ஆழத்தில், ஒரு ஐம்பது அடி இருக்கும், உனக்கு மூச்சு நின்றது. அன்றைக்கு வள்ளத்தில் நாம் இரண்டே பேர். நான் ஒரே மூச்சில் எட்டுப் பாகம் கயிற்றையும் இழுத்து உன்னை மேலே கொண்டு வந்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வள்ளத்துக்குள் ஓடியது, அந்த ரத்தத்துக்கு மீன் கூட்டமே வந்தது. இதுதான் நான் சொல்லி வந்த கதை. கல்யாண வீட்டில் சொன்னேன், சாவு வீட்டில் சொன்னேன், திருவிழாவில் தேர் நிற்கிற இடத்தில் எல்லாம் சொன்னேன். யாராவது முகத்தைச் சுளித்தால், "நம்பலையா? லூர்து தலையில கேமரா மாட்டியிருந்தான்லா, வீடியோவே இருக்கு!" என்பேன்.

கேமரா இருந்தது உண்மை. கப்பலில் வேலை பார்த்தவன் ஒருத்தனிடம் நீ வாங்கிய அந்தத் தண்ணீர்க் கேமரா. கடலடிப் பாறையான பார் மேல் போகும்போதெல்லாம் நெற்றியில் பட்டை போட்டு மாட்டிக்கொள்வாய். ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுவாள். கடலடிதானே என்று ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நானும் வீடியோ வீடியோ என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அந்தக் கயிறு அன்றைக்கு என் கையில் இல்லை. இது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை வரை வேறு யாருக்கும் தெரியாது.

போன மாதம் ரெஜினா என்னைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்தாள். உன் வெள்ளைச் சட்டைக்கு அடியில் இருந்து அந்தக் கறுப்பு டிஸ்க்கை எடுத்தாள். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும்.

"அண்ணே, பூசை அன்னைக்கு நீ இவரத் தூக்குன வீடியோவ எல்லாருக்கும் போடணும். மொகம் போட்டோவுல இருக்கு. கொரலு எங்கன இருக்கு? இதுலதான இருக்கு?"

டிஸ்க்கை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டர் வேணுமேளா. ஜெனிட்டா அவ லேப்டாப்ப மஸ்கட்டுக்குல்லா கொண்டு போயிட்டா" என்றேன்.

"கடையில வேண்டாம். முந்தி ஒருக்கா போன ரிப்பேருக்குக் குடுத்து, உள்ள இருந்த போட்டோவெல்லாம் போச்சு. இது வீட்டு வாசல் தாண்டாது. உன் போன்ல போட முடியாதா? நீதான் எல்லாந் தெரிஞ்சவனாச்சே."

எல்லாம் தெரிந்தவன். ஏழாம் வகுப்பு வரை படித்து, எட்டாம் வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தவன் நான். ஆனாலும் வாய் சொல்லிவிட்டது: "போன்தான? அஞ்சு நிமிசம்."

பென் டிரைவை நான் போனில் போட்டுப் பாட்டுக் கேட்டிருக்கிறேன். அதற்கென்று ஒரு குட்டி இணைப்பு உண்டு, என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. அதில் டிஸ்க் ஒயரைச் சொருகி, போனில் மாட்டினேன். டிஸ்க்கில் நீல விளக்கு எரிந்தது. ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே ஏதோ சுற்ற ஆரம்பித்து, டிக் என்றது. மறுபடி சுற்றி, மறுபடி டிக். விளக்கு அணைந்தது. போனில் ஒன்றும் இல்லை.

மறுபடி மாட்டினேன். டிக். டிக். டிக். அணைந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம் மச்சான். ஓஸ் மடங்கிப் போனால் அடியில் இருக்கிறவன் இழுத்து இழுத்துப் பார்ப்பானே, அது. ரெஜினாவுக்குப் புரியவில்லை, எனக்கு உடனே புரிந்தது. மூச்சு பத்தவில்லை. போன் கொடுக்கிற கரண்டு பென் டிரைவுக்குப் போதும், அது கரையோரம் முழங்கால் தண்ணீரில் கிளிஞ்சல் பொறுக்குகிற ஆள். இந்த டிஸ்க் எட்டுப் பாகத்துக்காரன். உள்ளே ஒரு தட்டு சுற்ற வேண்டும். அதற்கு எழும்ப மட்டுமே பெரிய மூச்சு வேண்டும்.

புரிந்தது சரி. புரிந்த பிறகு செய்தது எல்லாம் சங்கு குளிக்கிற குளியாள் வேலை. நீளமான ஓஸில் காற்று குறையும் என்று நாம் ஓஸை வெட்டிக் குட்டையாக்குவோமே, அதே மாதிரி பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு சாண் ஒயர் வாங்கி வந்து போட்டேன். கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியது. டிக். போன் வெளிச்சத்தைக் குறைத்தேன், சிம்மைக் கழற்றினேன், மின்விசிறியை நிறுத்தினேன். மின்விசிறிக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே. வியர்வையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். என் உள்ளத்தில் ஒரு பக்கம், ஓடாமலே போகட்டும் என்று இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு வாரம் இப்படியே போனது. வேலை முடிந்ததும் வந்து மாட்டுவேன், டிக் டிக் கேட்பேன், எழுந்து முற்றத்தில் நடப்பேன். ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாள். "இன்னைக்கு நாலு தரம் சுத்துச்சு அண்ணே, நேத்து மூணுதான்" என்பாள். அவள் கணக்கு வைத்துக்கொண்டே இருந்தாள். நீ அடியில் இருக்கும்போது அவள் வீட்டில் இப்படித்தான் இருந்திருப்பாளோ?

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ரெஜினா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். மாட்டினேன். அன்றைக்கு விளக்கு அணையவில்லை. மினுக்கிக்கொண்டே இருந்தது. போனில் முதல் முறையாக எழுத்து வந்தது. இந்த டிரைவைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. ஃபார்மேட் என்றால் எனக்குத் தெரியும். பென் டிரைவில் பாட்டு நிறைந்துவிட்டால் அதைத்தான் செய்வேன். சிலேட்டைத் துடைக்கிற மாதிரி, உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும்.

கீழே நீலமாக ஒரு பொத்தான். என் கட்டைவிரல் அதற்கு மேலே நின்றது.

மச்சான், நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தடவையாவது சத்தியமாகச் சொல்கிறேன். எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு வந்து, நின்று, போய்விட்டது. அழுத்திவிட்டால் கதை முடிந்தது. "போன் தானா அழிச்சிட்டுளா, நான் என்ன செய்ய?" என்று ஒரு வரி போதும். என்னை ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். கயிறு இழுத்த கதை அப்படியே இருக்கும், நான் சாகும் வரை சொல்லலாம்.

ஏன் அழுத்தவில்லை? நல்லவன் என்பதாலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஸ்க் கைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது, சூடாக இருந்தது. உள்ளே ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. ஒரு தடவை நீ உள்ளே இருக்கும்போது கையை எடுத்தவன் நான். இரண்டாவது தடவை என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். ஒயரை உருவிவிட்டு மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

ஜெனிட்டா கத்திய கத்து நீ இருக்கிற இடம் வரைக்கும் கேட்டிருக்கும். "மாமா! அதத் தொட்டுறாதீங்க! பவர் பத்தலன்னா சரியாப் படிக்க முடியாம அப்படித்தான் கேக்கும். உள்ள எல்லாம் பத்திரமாத்தான் இருக்கும். இனிமே சும்மா சும்மா மாட்டாதீங்க, அந்த டிக் டிக் அதுக்கு நல்லதில்ல."

"அதான் எனக்குத் தெரியுமேம்மா, உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்றேன்.

"மாமா..." என்றாள். உன் குரலில் பாதி அவளிடம் இருக்கிறது, உனக்குத் தெரியுமா?

கரண்டை போன் கொடுக்கக் கூடாது, வேறு எங்கிருந்தாவது கொடுக்க வேண்டும் என்றாள். என்னிடம் பவர் பேங்க் இருக்கிறது, செங்கல் அளவு, லாரிக்காரர்கள் எல்லாம் என்னிடம்தான் கடன் கேட்பார்கள். ஆனால் போனுக்கு இருப்பது ஒரே வாய். அதில் டிஸ்க்கை மாட்டினால் பவர் பேங்க்கை மாட்ட இடம் இல்லை. முற்றத்தில் நடந்துகொண்டே யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நம் வள்ளம் கண்ணில் வந்தது. உனக்கு இரண்டு அல்லவா இறங்கும்? மூச்சுக்கு ஓஸ் தனி, சேதிக்குக் கயிறு தனி. கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு சேதி, இரண்டு இழுத்தால் ஒரு சேதி. மூச்சு கம்ப்ரசரில் இருந்து வரும், பேச்சு என் கையில் இருந்து வரும். இந்த டிஸ்க்குக்கு மட்டும் இரண்டையும் ஒரே குழாயில் அனுப்பினால் எப்படி?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் சாமான் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் போனேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன மிக்கேலு, துறைமுகத்த வித்தாச்சா?"

"அண்ணாச்சி, மூச்சு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போற மாதிரி ஒயரு இருக்கா?"

"வெயில்ல நடந்தா வந்தீரு?"

விஷயத்தை விளக்கினேன். ஓஸ், கயிறு, கம்ப்ரசர், கடலுக்கு அடியில் நீ. கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய டப்பாவைக் கொண்டு வந்து கவிழ்த்தார். அதற்குள் இருந்து இரண்டு வால் உள்ள ஒயர் ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் டிஸ்க்குக்கு. மறுபக்கம் இரண்டு தலை. ஒன்று போனுக்கு, பேச மட்டும். ஒன்று பவர் பேங்க்குக்கு, கரண்டு மட்டும்.

"இருபது வருசமா கட வச்சிருக்கேன். நீரு இன்னைக்குத்தான் ஒரு உண்மையப் பேசிருக்கீரு. நீரு சொன்னது அம்புட்டும் சரி" என்றார் அண்ணாச்சி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். வாழ்க்கையில் பெருமை அடித்து, அது அப்படியே சரியாகவும் இருந்தது அன்று ஒரு நாள்தான். "ஆனா பழைய சாமான். பவர் பேங்க் பக்கத்துத் தல லூசா இருக்கு. கையால அழுத்திப் புடிச்சாத்தான் நிக்கும். விட்டீருன்னா அணைஞ்சிரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மேசையை இழுத்துப் போட்டோம். போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தேன். ரெஜினா தன் போனில் ஜெனிட்டாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்தாள். நான் முதலில் பவர் பேங்க் தலையைச் சொருகி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். நீல விளக்கு வந்தது. நிலையாக எரிந்தது. உள்ளே தட்டு எழும்பிச் சுற்றியது, டிக் இல்லை. ஒரே சீராக ஒரு சத்தம். பிறகுதான் போனை மாட்டினேன். இரண்டு நொடி. கோப்புகள் வரிசையாக வந்து விழுந்தன, எல்லாம் ஜெனிட்டா போட்ட தேதிப் பெயரோடு.

"அந்த நாளு எதுன்னு எனக்குத் தெரியும்" என்று ரெஜினா விரலை வைத்தாள். எனக்கும் தெரியும்.

முதலில் பச்சைத் தண்ணீர். மணல். உன் இரண்டு கைகள், இடது கைச் சுண்டுவிரல் வளைந்தது உள்பட. கைகள் சங்கைத் தடவி எடுத்து வலையில் போடுகின்றன. சத்தம் உன் மூச்சுதான். ஸ்ஸ் என்று உள்ளே, குமிழியாக வெளியே. ஸ்ஸ் என்று உள்ளே, குமிழியாக வெளியே. ரெஜினா போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். இருபது நிமிஷம் அப்படியே இருந்தாள். வேறு ஒன்றும் இல்லை அந்த வீடியோவில், ஒரு மனுஷன் மூச்சு விடுகிறான். அவளுக்கு அது போதும் போல இருந்தது. எனக்கு என்ன வரப் போகிறது என்று தெரியும். கட்டைவிரலை இன்னும் அழுத்தினேன்.

பிறகு ஸ்ஸ் வரவில்லை.

உன் கை கயிற்றுக்குப் போனது. இழுத்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கயிறு விறைப்பாக நின்றது, மேலே இருந்து பதில் இல்லை. அப்புறம் கை மாற்றிக் கை மாற்றி நீயே ஏற ஆரம்பித்தாய். எட்டுப் பாகமும் நீதான் ஏறினாய் மச்சான். தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்தது, உடைந்தது, வெளிச்சம். முதலில் தெரிந்தது வள்ளத்து முன்பக்கக் கட்டை. அதில் உன் கயிறு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

வள்ளத்துக் கடைசியில் என் முதுகு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் கம்ப்ரசரைச் சுற்றும் பெல்ட் அறுந்தது எனக்குத் தெரியவில்லை. அதுவும் ஒரு சாக்குதான். காதில் போன். என் குரல் தெளிவாகக் கேட்டது:

"ஏலே, பொறவு பேசுதேன்லே. நான் இப்பம் கயித்தப் புடிச்சிட்டுல்லா நிக்கேன். ஒரு உசிரு என் கையில கெடக்குல்லா..."

அந்த இடத்தில் என் கட்டைவிரல் வழுக்கிவிட்டது. விளக்கு அணைந்தது, படம் நின்றுவிட்டது. ரெஜினா என் முகத்தைப் பார்க்கவில்லை. நின்றுபோன படத்தில் இருந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் கயிறு என் கையில் இருக்கிறது என்று நம்பி அடுப்படியில் நின்றவள். பிறகு சொன்னாள்:

"மாட்டு. அதையாவது விடாமப் புடி."

மாட்டினேன். இரண்டு கைகளாலும் பிடித்தேன்.

மிச்சத்தை நானே மறந்திருந்தேன் மச்சான். நீ இருமுகிறாய், "ஏலே, பெல்ட்டு அந்துட்டுலே" என்கிறாய். நான் திரும்புகிறேன், போன் கையில் இருந்து தண்ணீரில் விழுகிறது, ஓடி வருகிறேன், உன் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறேன். கேமராவுக்குள் என் முகம் பெரிதாக வருகிறது. அழுகிறேன். வாய் கோணி, மூக்கு ஒழுகி, பிள்ளை மாதிரி அழுகிறேன். அழுதுகொண்டே சொல்கிறேன்: "நான் இல்லன்னா நீ போயிருப்பலே, நான் இல்லன்னா போயிருப்பலே!"

நீ இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாய். உன் கை என் தோளில் தட்டுவது தெரிகிறது.

"ஆமாலே. நீதான் தூக்குன. அழாத. நீதாம்லே தூக்குன."

அதுதான் ரெஜினா கேட்ட உன் குரல். அந்தக் கதையை நான் கட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வரி உன்னுடையது. அதை எனக்குக் கொடுத்துவிட்டு, ஐந்து வருஷம் நான் அதற்கு ரத்தமும் மீன் கூட்டமும் சேர்த்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். என் அழுகையை நிறுத்தச் சொன்னதா அது? இல்லை, இனிமேல் இவன் கயிற்றைக் கட்டமாட்டான் என்று தெரிந்து சொன்னதா? அதற்குப் பிறகு நான் கட்டவில்லை என்பதை நீ கவனித்தாயா? அடியில் இருந்தால் மேலே பிடித்திருக்கிறதா கட்டியிருக்கிறதா என்று கயிற்றைத் தொட்டாலே தெரியும் என்று ஒரு தடவை சொன்னாய். அப்படியென்றால் அன்றைக்கும் இறங்கியதில் இருந்தே தெரியுமா? தெரிந்துதான் இருபது நிமிஷம் சங்கு எடுத்தாயா?

ரெஜினா அந்த இரண்டு வரியை ஏழு தடவை போட்டுக் கேட்டாள். என் விரல் மரத்துவிட்டது. ஜெனிட்டாதான் மஸ்கட்டில் இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "மாமா, இனிமே அத உங்க போனுக்குள்ள காப்பி பண்ணிருங்க. சனிக்கிழம ஒயரப் புடிக்க வேண்டாம், டிவியில சும்மா ஓடும்."

"பண்ணலாம், சனிக்கிழம கழிஞ்ச பொறவு. அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால உங்க மாமா புடிக்கட்டும்" என்றாள் ரெஜினா.

அப்புறம் குசினிக்குப் போய்விட்டாள். நாலு நாளாக என்னோடு அதிகம் பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள். என்ன வேண்டும் என்று கேட்கிறாள். இந்தப் பக்கத்தை எழுதச் சொன்னதும் அதற்குப் பிறகுதான். நாலு வரி போதும் என்று ஏன் சொன்னாள் என்பது இப்போது புரிகிறது. உண்மைக்கு நாலு வரி போதும். எனக்குத்தான் வழியெல்லாம் சுற்றி வர வேண்டியிருந்தது.

ஆகவே, சனிக்கிழமை வருகிறவர்களே, நீங்கள் என்னிடம் கேட்ட கதையில் எட்டுப் பாகம் அவனுடையது. கடைசி இரண்டு முழம் என்னுடையது. ரத்தம் இல்லை. மீன்கள் வரவில்லை.

மச்சான், சாப்பாட்டுக்கு முன்னால் வீடியோ ஓடும், போனில் ஓடுவது ஒயர் இல்லாமலே டிவியில் தெரியும். அரை மணி நேரம். நான் டிவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், இரண்டு வால் ஒயர் கையில். ரப்பர் பேண்டு போடமாட்டேன், டேப் ஒட்டமாட்டேன், எதிலும் கட்டமாட்டேன். யார் கூப்பிட்டாலும் போன் எடுக்கமாட்டேன், அந்தப் போன்தான் உன்னைக் காட்டிக்கொண்டிருக்குமே. நீ இறங்கியதில் இருந்து ஏறி, என் தோளைத் தட்டி, கேமராவை நிறுத்துகிற வரை என் கட்டைவிரல் அங்கேயே இருக்கும். நீ மேலே வந்த பிறகுதான் கையை எடுப்பேன்.

உன் மூச்சுக்குக் காவலாக,
ரெஜினாவின் அண்ணன், ஜெனிட்டாவின் மாமன், உன் கயிற்றுக்கார மைத்துனன்
மிக்கேல்